வாழைப்பழ மணம் எங்கே போனது? ஓர் இளம் ப்ரூவருக்குப் பதில்

கேள்வி: எனக்கு 27 வயது. சொந்த ஊர் கிருஷ்ணகிரி பக்கம். உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு, இரண்டு வருடமாக பெங்களூருவில் ஒரு ப்ரூபப்பில் (அங்கேயே பியர் காய்ச்சி விற்கும் பப்) உதவி ப்ரூவராக, அதாவது பியர் காய்ச்சுபவராக, இருக்கிறேன். ஒரு தடவைக்கு 1000 லிட்டர் காய்ச்சும் ப்ரூஹவுஸ். எங்களிடம் அதிகம் ஓடுவது ஹெஃபெவைசன் என்ற ஜெர்மன் கோதுமை பியர். கடைசி ஐந்து பேட்ச்சில் முதலாவது நல்ல வாழைப்பழ மணத்தோடு வந்தது. மூன்றாவதில் கிராம்பு மட்டும் தூக்கல். ஐந்தாவதில் இரண்டுமே இல்லை, சப்பென்று இருந்தது. ரெசிபி ஒன்றுதான். முதல் பேட்ச்சுக்குப் புது உலர் ஈஸ்ட் போட்டோம். பிறகு டேங்க்கின் கூம்பு வடிவ அடியிலிருந்து (கோன்) படிந்த ஈஸ்ட்டை எடுத்து ஒரு வாளி ஊற்றுவோம். ஐந்தாவது மட்டும் 2000 லிட்டர் டேங்க்கில், இரண்டு நாளில் இரண்டு ப்ரூவாகப் போனது. இரண்டாவது ப்ரூவில் நேரமில்லாமல், மாஷை (அரைத்த தானியமும் வெந்நீரும் சேர்ந்த கலவை) 45 டிகிரியில் நிறுத்தும் ஓய்வை விட்டுவிட்டோம். உண்மையைச் சொன்னால் இந்தக் கோதுமை பியரே எனக்கு அலுத்துவிட்டது. எனக்குப் பிடித்தது ஐபிஏ என்ற நல்ல கசப்பான பியர். நன்னாரி, கருப்பட்டி வைத்து நம்மூர் பியர் ஒன்று செய்யவும் ஆசை. ஹெட் ப்ரூவர் விடுவதில்லை. பெரிய ப்ரூவர்களுக்கு ருசியும் யோசனையும் எங்கிருந்து வருகின்றன? வேலை முடிந்ததும் தினம் மூன்று நான்கு கிளாஸ் குடிக்கிறோம், அதுவும் பயிற்சிதானே? இந்த வேலையில் எத்தனை வருடம் தாக்குப்பிடிக்கலாம்? அம்மாவிடம் இன்னும் ‘உணவுக் கம்பெனி’ என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

அலுத்துவிட்டது என்று சொல்கிற அந்தக் கோதுமை பியரிலிருந்தே தொடங்குவோம். ஐந்து பேட்ச்சில் மூன்று விதமாக வந்திருக்கிற ஒன்றை நீங்கள் இன்னும் செய்து முடிக்கவில்லை. உங்கள் கடிதத்திலேயே காரணங்கள் எல்லாம் இருக்கின்றன.

ஹெஃபெவைசனில் வாழைப்பழமும் கிராம்பும் இரண்டு வேறு வழிகளில் வருகின்றன. கிராம்பு மணம் 4-வினைல் குவாயகோல் என்ற பொருளால் வருவது. அதற்கான கச்சாப்பொருள் ஃபெருலிக் அமிலம், தானியத்தின் செல் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாஷை 43 முதல் 45 டிகிரியில் 15–20 நிமிடம் நிறுத்தினால், பி.எச். 5.7 பக்கம் இருக்கும்போது, அது நன்றாகப் பிரிந்து வரும். ஈஸ்ட் அதைக் கிராம்பாக மாற்றும். ஆகவே கிராம்பின் உச்ச அளவு பெரும்பாலும் மாஷ் ஊறும் பாத்திரமான மாஷ் டன்னிலேயே தீர்மானமாகிவிடுகிறது. வாழைப்பழம் அப்படியல்ல. ஐசோஅமைல் அசிடேட் என்ற அந்த எஸ்டர் (பழ மணம் தரும் பொருள்), ஈஸ்ட் பெருகும் நாட்களில் உருவாவது. ஈஸ்ட் எவ்வளவு போட்டீர்கள், எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தீர்கள், எந்த வெப்பத்தில், எவ்வளவு அழுத்தத்தில் நொதித்தது என்பதெல்லாம் அதை ஆட்டிப்படைக்கும்.

இப்போது மூன்றாவது பேட்ச்சைப் பாருங்கள். “ஒரு வாளி” என்கிறீர்கள். வாளி என்றால் 15 லிட்டராவது இருக்கும். கோனிலிருந்து வரும் கெட்டி ஈஸ்ட் குழம்பில் மில்லிக்கு ஏறக்குறைய 100 கோடி செல்கள் இருக்கும். 12 பிளேட்டோ வோர்ட்டில் (மாஷிலிருந்து வடித்த இனிப்பு நீர்; பிளேட்டோ என்பது அதன் சர்க்கரை அளவு) ஹெஃபெவைசனுக்கு மில்லிக்கு 60–70 லட்சம் செல் போதும். 1000 லிட்டருக்குக் கணக்குப் போட்டால் 6 முதல் 7 லிட்டர் குழம்புதான் வருகிறது. நீங்கள் ஊற்றியது இரண்டு மடங்குக்கும் மேல். செல்கள் ஏற்கனவே நிறைய இருந்தால் பெருக வேண்டிய வேலை குறைவு, எஸ்டரும் குறையும். வாழைப்பழம் இறங்கியதும், அளவு மாறாமல் இருந்த கிராம்பு தனியாகத் தெரிந்திருக்கிறது. கிராம்பு கூடவில்லை, அதை மறைத்துக்கொண்டிருந்தது போய்விட்டது, அவ்வளவே.

இதோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. ஜெர்மன் கோதுமை பியர் ஈஸ்ட்கள் இயல்பில் மேலே மிதப்பவை. பவேரியாவில் திறந்த தொட்டிகளில் நுரையோடு மேலிருந்து வழித்தெடுப்பது அதனால்தான். நீங்கள் மூடிய கோனிக்கல் டேங்க்கின் அடியிலிருந்து எடுக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் சீக்கிரம் கீழே படிகிற செல்களையே பொறுக்கி அடுத்த பேட்ச்சுக்கு அனுப்புகிறீர்கள். நான்கைந்து தலைமுறையில் குணம் மாறிவிடும். மேலிருந்து எடுக்க வசதி இல்லையென்றால் மூன்று தலைமுறையோடு நிறுத்திவிட்டுப் புதுப் பாக்கெட் உடையுங்கள்: 100 லிட்டருக்கு 50 முதல் 80 கிராம், உங்கள் டேங்க்குக்கு 500 முதல் 800 கிராம். கோனிலிருந்து எடுத்தே தீரவேண்டும் என்றால், முதலில் வரும் பழுப்பு நிறக் கசடைத் தள்ளிவிட்டு, நடுவில் வரும் வெளிர் நிறக் குழம்பை மட்டும் பிடியுங்கள். வாளியை விடுங்கள், எடை மெஷினில் வைத்து நிறுங்கள். ஒரு மைக்ராஸ்கோப், செல்களை எண்ணும் ஹீமோசைட்டோமீட்டர் கண்ணாடி, மெத்திலீன் ப்ளூ ஒரு குப்பி வாங்கித் தரச்சொல்லிக் கேளுங்கள். நீலமாகத் தெரிவது செத்த செல். நூற்றுக்குப் பத்துக்கு மேல் நீலம் என்றால் அந்த ஈஸ்ட் வேண்டாம்.

ஐந்தாவது பேட்ச்சில் எல்லாம் ஒன்றாகக் கூடிவிட்டது. பாதி வோர்ட்டுக்கு 45 டிகிரி ஓய்வு இல்லை, அதனால் கிராம்பு குறைவு. 2000 லிட்டர் டேங்க் உயரம் அதிகம். அடியில் இருக்கும் ஈஸ்ட்டின் மேல் திரவத்தின் அழுத்தம் கூடும், கரைந்த கார்பன் டை ஆக்சைடும் கூடும், அது எஸ்டரை அமுக்கும். இரண்டாம் நாள் வந்த வோர்ட்டுக்கும் வழக்கம்போல ஆக்சிஜன் ஏற்றியிருப்பீர்கள். எஸ்டர் செய்ய வேண்டிய அசிட்டைல் கோ-ஏ என்ற மூலப்பொருளை ஈஸ்ட் கொழுப்பு கட்டத் திருப்பிவிட்டிருக்கும். என் கருத்து: வாசத்தை நம்பி விற்கிற பியரைப் பெரிய டேங்க்கில் போடாதீர்கள். வேறு வழியே இல்லாவிட்டால் ஆக்சிஜன் முதல் ப்ரூவுக்கு மட்டும், 8 பிபிஎம் (பத்து லட்சத்தில் 8 பங்கு) அளவில். இரண்டாவதை ஆக்சிஜன் இல்லாமல் அனுப்புங்கள்.

அடுத்த முறை இப்படிச் செய்து பாருங்கள். 180 கிலோ தானியத்தில் கோதுமை மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) 100 கிலோ, மீதி பில்ஸ்னர் என்ற வெளிர் பார்லி மால்ட். கோதுமைக்கு உமி கிடையாது என்பதால் வோர்ட்டை வடிக்கும் லாட்டரில் அடைத்துக்கொள்ளும். நெல் உமி 4–5 கிலோ, வெந்நீரில் நன்றாக அலசிச் சேருங்கள். அலசாவிட்டால் வைக்கோல் வாடை பியரில் ஏறும். 45 டிகிரியில் 20 நிமிடம், 63-ல் 30, 72-ல் 20, 78-க்கு ஏற்றி லாட்டர். அப்படியும் ஓட்டம் நின்றுவிட்டால் பம்ப்பை வேகமாக்காதீர்கள், தானியப் படுகை இன்னும் இறுகும். பம்ப்பை நிறுத்தி, சல்லடைக்குக் கீழிருந்து 78 டிகிரி நீரை மெதுவாக ஏற்றிப் படுகையைத் தூக்கி, கத்தியால் கீறி, 10 நிமிடம் விட்டுத் திரும்ப ஆரம்பியுங்கள். வோர்ட்டை 17 டிகிரியில் டேங்க்குக்கு அனுப்பி, தானாக 20–21 வரை ஏறவிட்டு அங்கே பிடியுங்கள். ஏப்ரல் மே மாதங்களில் சில்லர் திணறி 23, 24-ல் வோர்ட் இறங்கும். அந்தப் பேட்ச்சில் பழுத்த பழத்துக்குப் பதில் நெயில் பாலிஷ் வாடை வந்தால் காரணம் அதுதான். முந்தின இரவே தண்ணீர்த் தொட்டியைக் குளிர வைத்துவிடுங்கள். நொதித்தல் முடியும்வரை டேங்க்கில் அழுத்தம் கட்டாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் பயன்படுத்துவது டபிள்யூபி-06 என்ற உலர் ஈஸ்ட் என்றால், அது டயஸ்டாட்டிகஸ் வகை. மற்ற ஈஸ்ட்கள் தொடாத டெக்ஸ்ட்ரின் என்ற நீளச் சங்கிலிச் சர்க்கரையையும் தின்னும். 12 பிளேட்டோவிலிருந்து 3-ல் நிற்க வேண்டிய பியர் 2-க்குக் கீழே போய்க்கொண்டே இருக்கும். அந்த ஈஸ்ட் தொட்ட ஹோஸ், கேஸ்கெட், சாம்பிள் வால்வு சரியாகக் கழுவப்படாவிட்டால் அடுத்த டேங்க்கின் பியரும் அடைத்து வைத்த கெக் பீப்பாயில் மறுபடி நொதித்துப் பொங்கும்.

இனி ருசி. ப்ரூவர்கள் என்ன குடிக்கிறார்கள் என்பதில் வாசகர்களுக்கு ஓர் ஆர்வம் எப்போதும் உண்டு. பழங்கள், பீப்பாய்கள், 10 சதவீத ஆல்கஹால் உள்ள கருப்பு ஸ்டவுட்கள் என்று எதிர்பார்ப்பார்கள். அனுபவம் கூடக்கூடப் பெரும்பாலான ப்ரூவர்கள் ஒதுங்குவது சாதா லாகர் பக்கம். வேறொரு ப்ரூவரிக்குப் போனால் முதலில் கேட்பது அங்குள்ள மிக எளிய பியரைத்தான். 1842-ல் ஜோசஃப் க்ரோல் பில்சென் நகரில் முதன்முதலாகக் காய்ச்சிய அந்த வெளிர் லாகர் வகையில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. வெண்ணெய் வாடை துளி இருந்தாலும் தெரியும், வேகவைத்த மக்காச்சோள வாடை இருந்தாலும் தெரியும். ஐபிஏவில் ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ) பல தப்புகளை மூடிவிடும். கசப்பு பிடிப்பது நல்ல விஷயம்தான், ஆனால் உங்கள் நாக்கு இப்போதைக்குக் கசப்பில் மட்டும் பழகியிருக்கிறது.

நீங்கள் விரும்புகிற அந்த அமெரிக்கக் கசப்பு வந்த வழியைப் பாருங்கள். கேஸ்கேட் என்ற ஹாப்ஸ் ரகம் 1972-ல் வெளியானது. கென் க்ராஸ்மன் கலிஃபோர்னியாவின் சீக்கோ ஊரில் வீட்டு ப்ரூயிங் பொருட்கள் விற்கும் கடை வைத்திருந்தவர். பழைய பால்பண்ணைத் தொட்டிகளை வாங்கி வந்து வெல்டிங் செய்து சியரா நெவாடா ப்ரூவரியைக் கட்டினார்; 1980 நவம்பரில் முதல் ப்ரூ. கேஸ்கேட் போட்ட அவருடைய பேல் ஏல் என்ற பியர்தான் இன்றைய ஐபிஏக்களுக்கு வாசல் திறந்துவிட்டது. அதை விற்பனைக்கு விடுவதற்கு முன் பேட்ச் பேட்ச்சாகக் கீழே ஊற்றினார். நன்றாக வரவில்லை என்பதைவிட, ஒன்றுபோல இன்னொன்று வரவில்லை என்பதே காரணம். உங்கள் ஹெட் ப்ரூவர் கோதுமை பியரை ஒரே மாதிரி கொண்டு வரச்சொல்வதும் இதே கறார்தான்.

யோசனை எங்கிருந்து வருகிறது என்பதற்கு இன்னொரு மனிதர். பெல்ஜியத்தின் ஹூகார்டன் ஊரில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போட்ட வெள்ளை பியர் பல நூற்றாண்டு இருந்தது. 1950-களில் கடைசி ப்ரூவரியும் மூடியது. பியேர் செலிஸ் என்பவர் அந்த ஊர்ப் பால்காரர். சிறு வயதில் பக்கத்து ப்ரூவரியில் ஒத்தாசை செய்தவர். அந்த ருசி நினைவை வைத்துக்கொண்டு 1966-ல் மறுபடி காய்ச்சினார். இன்று பெங்களூருவில் பாதி மெனுக்களில் இருக்கும் விட்பியர் என்கிற வெள்ளை பியர் அவர் வழி வந்தது. அதற்குப் பொருத்தமான கொத்தமல்லி நம் கையிலேயே இருக்கிறது: நீளவாக்கில், வெளிர் நிறத்தில், எலுமிச்சை வாடையோடு இருக்கும் இந்திய ரகத்தை மேல்நாட்டு ப்ரூவர்கள் தேடி வாங்குகிறார்கள். உருண்டை ரகத்தில் பச்சைக் காய்கறி வாடை வருவதுண்டு. 1000 லிட்டருக்கு 500 கிராமிலிருந்து ஒரு கிலோ, கைக்குத்தலாக ஒன்றிரண்டாக உடைத்து, கொதியின் கடைசி 5 நிமிடத்தில். வறுக்கக் கூடாது, வறுத்தால் சாம்பார்ப் பொடி ஞாபகம்தான் வரும்.

ஆகவே உங்கள் நன்னாரி ஆசையைக் கைவிடச் சொல்லமாட்டேன். ஹெட் ப்ரூவரிடம் வாயால் கேட்காதீர்கள், கிளாஸில் காட்டுங்கள். காய்ந்த நன்னாரி வேர் 20 கிராம் இடித்து 100 மில்லி வோட்காவில் ஐந்து நாள் ஊறவையுங்கள். வடிகட்டி, சிரிஞ்சால் எடுத்து, உங்கள் டேப்பில் இருக்கும் எளிய பியர் ஒன்றில் 100 மில்லிக்கு 0.2, 0.4, 0.8 மில்லி என்று மூன்று கிளாஸில் விடுங்கள். நான்காவது கிளாஸில் எதுவும் வேண்டாம். 0.4 சரியென்று பட்டால் லிட்டருக்கு 4 மில்லி, அதாவது லிட்டருக்கு 0.8 கிராம் வேர், 1000 லிட்டருக்கு 800 கிராம். ஆனால் அந்த 800-ஐப் போடாதீர்கள், 600 போடுங்கள். இரண்டு வாய்க்கு அருமையாக இருக்கிற வாசம் முழு கிளாஸ் முடிவதற்குள் திகட்டிவிடும். கலந்து பார்ப்பதெல்லாம் ஓரிரு வாய்தான் என்பதால் நம்மூர்ப் பொருள் போட்ட பல பியர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. பேட்ச்சில் வோட்காவை ஊற்றக்கூடாது, உரிம விதி அதற்கு இடம் தராது. வேரைத் துணிப்பையில் கட்டி, 80 டிகிரி நீரில் 15 நிமிடம் வைத்து, அந்த நீரோடு ஆறவைத்து, நொதித்தல் முடிந்த டேங்க்கில் இறக்குங்கள். இரண்டாம் நாளிலிருந்து தினம் ருசி பார்த்து, போதும் என்றதும் வெளியே எடுத்துவிடுங்கள்.

கருப்பட்டி வேறு கதை. அது இனிப்பைத் தரும் என்று நினைத்துப் போடுகிறவர்களே அதிகம். ஈஸ்ட் அதை ஏறக்குறைய முழுவதும் தின்றுவிடும். மிஞ்சுவது கொஞ்சம் புகை வாசமும் மெலிதான உப்புக் கரிப்பும், முன்னைவிட வறண்ட, மெலிந்த பியரும்தான். 100 லிட்டருக்கு ஒரு கிலோ போட்டால் ஏறக்குறைய 0.8 பிளேட்டோ கூடும். அதற்கு மேல் வேண்டாம். வெந்நீரில் கரைத்து, மணலும் சுண்ணாம்பும் போக வடிகட்டி, நீராவியை நிறுத்திவிட்டு, கொதியின் கடைசி 15 நிமிடத்தில் ஊற்றுங்கள். நீராவி ஓடும்போது ஊற்றினால் அடிப்பிடித்துத் தீய்ந்த வாடை கடைசிவரை போகாது. இனிப்பாக இருப்பதுபோல் தோன்ற வேண்டுமென்றால் மாஷை 68 டிகிரியில் வைத்து, கேரமல் மால்ட் 5 சதவீதம் சேர்க்க வேண்டும். அந்த வேலையைக் கருப்பட்டி செய்யாது.

ஐபிஏ செய்யும் நாளும் வரும். அப்போது ஒன்றை நினைவில் வையுங்கள். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே வோர்ட் கொதிப்பது ஏறக்குறைய 97 டிகிரியில். ஹாப்ஸின் ஆல்ஃபா அமிலம் கசப்பாக மாறும் வேகம் கால் பங்கு குறையும். கலிஃபோர்னியாக்காரர் எழுதிய ரெசிபியை அப்படியே போட்டால் கசப்பு குறைவாகத்தான் வரும். மக்காச்சோள வாடையை வெளியேற்ற 75–90 நிமிடக் கொதி வேண்டியிருப்பதற்கும் இதுதான் காரணம். பியரில் வாயு ஏற்றுவதற்கான கார்பனேஷன் அட்டவணைகளும் கடல்மட்டத்துக்கு எழுதப்பட்டவை: 4 டிகிரியில் 2.5 வால்யூம் வாயுவுக்கு 12 பிஎஸ்ஐ அழுத்தம் என்று இருந்தால், உங்கள் கேஜில் 13.5 வையுங்கள்.

நாக்கைப் பழக்குவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். தினம் மூன்று நான்கு கிளாஸ் என்பது பயிற்சி அல்ல. மாலையில், பசியில், பேச்சு நடுவே குடிக்கும் பியரில் எதுவும் பதியாது. பயிற்சி காலை 10 மணிக்கு முன்னால்: காபி, பாக்கு, பூண்டு எதுவும் தொடாமல், 8–10 டிகிரியில், 30 மில்லி. சாம்பிள் வால்வை 70 சதவீத ஆல்கஹாலால் நனைத்து, முதலில் வருவதை வழியவிட்டு, பிறகு பிடியுங்கள். இல்லையென்றால் நீங்கள் ருசிப்பது டேங்க்கையல்ல, வால்வின் அழுக்கை.

வாரம் ஒருநாள் மூன்று கப் சோதனை வையுங்கள். இரண்டில் ஒரே பியர், ஒன்றில் வேறு. சக ஊழியர் ஊற்றி எண் போடட்டும், நீங்கள் வித்தியாசமானதைக் கண்டுபிடியுங்கள். ஆறு முறையில் ஐந்து முறை சரியாகச் சொன்னால் உங்களுக்கு உண்மையிலேயே தெரிகிறது. நான்கு என்றால் அது குருட்டு அதிர்ஷ்டத்திலும் வரும். தப்பு வாடைகளை நீங்களே உண்டாக்கிப் பழகலாம். டேங்க் சாம்பிள் இரண்டு பாட்டில் எடுத்து, ஒன்றை மூடி 60–65 டிகிரி நீரில் 30 நிமிடம் வைத்து ஆறவைத்து, மற்றதோடு முகர்ந்து பாருங்கள். சூடாக்கியதில் மட்டும் வெண்ணெய் வாடை வந்தால் அந்த டேங்க்கைக் குளிர வைக்க இன்னும் நேரம் வரவில்லை. இரண்டு நாள் விடுங்கள், ஈஸ்ட் அதைத் தின்றுவிடும். வெளிர் நிற ஹாப்ஸ் பியர் ஒன்றைக் கண்ணாடி கிளாஸில் ஊற்றி 15 நிமிடம் வெயிலில் வையுங்கள். ஒளி பட்ட பியரின் நாற்றம் ஜென்மத்துக்கும் மறக்காது. பாட்டிலில் அடைத்த பியரை 40 டிகிரியில் ஒரு வாரம் வைத்தால் நனைந்த அட்டைப் பெட்டி வாடை வரும், அது பழமையேறியதன் அடையாளம்.

குறிப்பேட்டில் உங்கள் சொந்தச் சொற்களையே எழுதுங்கள். ரஸ்தாளியா, பூவனா, மிட்டாய்க்கடை எசென்ஸா என்று மூன்றையும் வேறுபடுத்தத் தெரிந்த மூக்கு உங்களுடையது. ‘வாழைப்பழம்’ என்று பொதுவாக எழுதுகிறவரைவிட உங்கள் பேட்ச் பதிவு துல்லியமாக இருக்கும். எசென்ஸ் பக்கம் சாய்ந்த நாட்களின் வெப்பப் பதிவை எடுத்துப் பாருங்கள், உங்களுக்கே பிடிபடும்.

குடியைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலில் நல்ல கைகளை நடுவழியில் நிறுத்துவது பெரும்பாலும் முதுகுவலியும் இந்த ‘வேலை முடிந்த கிளாஸு’ம்தான். மது எந்த அளவிலும் பாதுகாப்பானது இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது. அதைச் செய்து விற்கிற நாம் அந்த வரியைத் தெரிந்துகொண்டே வேலை செய்ய வேண்டும். ருசி பார்ப்பதற்கு நாளுக்கு மொத்தம் 200 மில்லிக்கு மேல் தேவைப்படாது. ஷிஃப்ட் முடிந்து இலவச கிளாஸ் வந்தால் மறுத்துப் பழகுங்கள், வாரத்தில் மூன்று நாள் ஒரு துளியும் வேண்டாம். அந்த மூன்று நாளை உங்களால் கடைப்பிடிக்க முடியவில்லை என்றால், தயங்காமல் மருத்துவரிடம் போங்கள்.

வேலையின் மற்ற ஆபத்துகளை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விடமாட்டேன். டேங்க் கழுவும் காஸ்டிக் சோடாவை எப்போதும் தண்ணீரில் சேர்க்க வேண்டும். காஸ்டிக் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். 2 சதவீதக் காஸ்டிக் 70 டிகிரியில் சுற்றும்போது கண்ணாடியும் நீளக் கையுறையும் இல்லாமல் கிளாம்ப்பைத் தொடாதீர்கள். கார்பன் டை ஆக்சைடு நிறைந்த டேங்க்கில் காஸ்டிக் விட்டால் அது வாயுவை உறிஞ்சிவிடும். உள்ளே வெற்றிடம் உண்டாகி, எஃகு டேங்க் தகர டப்பாபோல உள்வாங்கும். முதலில் காற்றால் வாயுவை வெளியேற்றி, மேல் வழியைத் திறந்து வைத்துத்தான் கழுவ வேண்டும். சூடான டேங்க்கை மூடிவைத்துக் குளிர்நீர் அடித்தாலும் இதே கதிதான். நொதித்து முடிந்த டேங்க்குக்குள் தலையை விடவே கூடாது. இரண்டு மூச்சில் ஆள் விழுந்துவிடுவார், தூக்கப் போகிறவரும் விழுவார். 25 கிலோ மூட்டையை முழங்கால் மடக்கித் தூக்குங்கள். ஈரத் தரையில் ரப்பர் பூட்ஸ் இல்லாமல் நிற்காதீர்கள்.

எத்தனை வருடம் என்றால், உடம்பால் மட்டும் செய்கிறவருக்குப் பத்து வருடம் கஷ்டம். படிப்பையும் சேர்த்துக்கொள்கிறவர் ஓய்வுபெறும் வயதுவரை இருக்கலாம். காலை 6 மணிக்கு அரைத்து, 7 மணிக்கு மாஷ், பத்தரைக்குக் கொதி, மதியம் இரண்டுக்குள் டேங்க், நான்கு மணிவரை கழுவுதல் என்று ஓடுகிற நாளில் பெரும்பகுதி கழுவுதல்தான், அது மாறாது. நீங்கள் உணவுத் தொழில்நுட்பம் படித்தவர். லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட இன்ஸ்டிட்யூட் ஆஃப் ப்ரூயிங் அண்ட் டிஸ்டில்லிங் நடத்தும் ஜெனரல் சர்டிஃபிகேட் தேர்வை வேலையை விடாமலே படித்து எழுதலாம். பணம் சேர்ந்தபின் பெர்லினில் விஎல்பி என்ற ப்ரூயிங் நிறுவனத்தின் ஆங்கிலவழி ப்ரூமாஸ்டர் படிப்பையோ, மியூனிக் அருகே இருக்கும் டோமென்ஸ் என்ற ப்ரூயிங் பள்ளியையோ யோசிக்கலாம். எடுத்த உடனே கடன் வாங்கிப் போகாதீர்கள். ஊரில் போய் வீட்டில் காய்ச்சிப் பார்க்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம்; தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். சோதனைகளை வேலையிடத்திலேயே, உரிமத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். வேறு யாரோ சொல்லித் தெரிந்தால் வேலையைவிட மறைத்ததுதான் அவருக்கு வலிக்கும். நேரம் தேர்ந்தெடுத்துச் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு ப்ரூ நாளில் காலை எட்டு மணிக்கு, கடை திறப்பதற்கு முன், அவரை அழைத்து வந்து மாஷ் டன் பக்கத்தில் நிறுத்துங்கள். கோதுமையும் பார்லியும் முளைகட்டி வெந்நீரில் ஊறுகிற அந்த நேரத்தில் இடமெல்லாம் ஹார்லிக்ஸ் மணம்தான் இருக்கும். வடித்த வோர்ட்டை, ஈஸ்ட் சேருமுன், ஒரு டம்ளரில் ஆற்றிக் கொடுங்கள். அதில் ஒரு சொட்டு ஆல்கஹால் கிடையாது. பிடிக்கவில்லை என்று அவர் சொன்னாலும் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். குடியால் உடைந்த வீடுகளைப் பார்த்த தலைமுறை அது. அவர் பயத்துக்குக் காரணம் உண்டு. நீங்கள் எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று அவர் கேட்பார். அந்தக் கேள்விக்கு உண்மையைச் சொல்லக்கூடிய நிலையில் அன்றைக்கு நீங்கள் இருக்க வேண்டும்.

அடுத்த இரண்டு ஹெஃபெவைசன் பேட்ச்சுக்கு இந்த எண்களை எழுதி அனுப்புங்கள்: ஊற்றிய ஈஸ்ட்டின் எடையும் தலைமுறையும், வோர்ட் டேங்க்குக்குள் இறங்கிய வெப்பம், முதல் மூன்று நாள் உச்ச வெப்பம், 45 டிகிரியில் நின்ற நிமிடங்கள், முடிவு பிளேட்டோ. கூடவே, காலையில் முகர்ந்தபோது எந்த வாழைப்பழம் என்றும் எழுதுங்கள்.